நீலகிரியில் ஓடை அளக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

முனைவர் பட்ட ஆய்வுக்காக நீலகிரியின் மேல்மலையில் இரண்டு சிற்றோடைகளை அளந்தேன். ஒன்று சோலையும் புல்வெளியும் கலந்த சரிவிலிருந்து இறங்குவது. மற்றது சீகை மரம் (வாட்டில் என்கிற அயல் மரம்) மண்டிக் கிடக்கும் சரிவிலிருந்து வருவது. கோடையில் எது முதலில் மெலிகிறது, அதை நம்பியிருக்கும் ஊர்க்காரர்கள் அப்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பாதி நீரியல், பாதி சமூகவியல். பல்கலைக்கழகத்தில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் வருடம் சேர்த்த தரவில் ஏறக்குறைய எதுவுமே ஆய்வேட்டுக்குள் போகவில்லை. உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் வந்தது, உண்மைதான். ஆனால் கருவி, வண்டி, ஆள்கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து அறிவியல் பிரிவுக்கு முதல் இரண்டு வருடம் தருகிற கன்டின்ஜென்சி, அதாவது ஆய்வுச் செலவுத் தொகை, வருடத்துக்கு 12,000தான். மீதியெல்லாம் கைக்காசு. வருடக் கடைசியில் நோட்டை எடுத்துக் கூட்டினால் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. பணம் போனதுகூட ஆறிவிட்டது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. துறையில் எனக்கு முன்னால் மலையில் வேலை செய்தவர் யாரும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் அடி வரைபடத்திலேயே விழுந்தது. ஓடைநீரை அளக்கத் தடுப்பு வைக்கும் இடம் ஊர் நிலத்தில் இருக்கிறது, வனத்துறை அனுமதி தேவைப்படாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஓடையின் தலைப்பகுதியும், மழைமானி வைக்க நினைத்த மேடும் காப்புக்காட்டுக்குள் கிடந்தன. போனில் தெரியும் பச்சை நிறத்தை வைத்து எல்லையை ஊகிக்காதீர்கள். மேல்மலையில் பட்டா தேயிலை, வருவாய்த்துறை நிலம், காப்புக்காடு மூன்றும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைப் பாருங்கள், அதன்பிறகு வனச்சரகத்தில் போய் எல்லைக்கல் எங்கே என்று கேளுங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கோப்பு சென்னைக்குப் போய், கோட்ட அலுவலரின் கருத்துக்காக மலைக்கு வந்து, மறுபடி சென்னைக்குப் போகும். ஆறு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் கோப்பு வரைபடம் சரியில்லாமல் ஒருமுறை திரும்பியதால் ஒன்பது மாதம் ஆனது. விண்ணப்பத்தில் எத்தனை பேர், எந்த வண்டி, எந்தெந்த மாதம், எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிலிட்டர் என்று எல்லாம் எழுத வேண்டும். வருவாரோ மாட்டாரோ என்று சந்தேகமாக இருக்கும் உதவியாளர் பெயரையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு ஒரு பெயரைச் சேர்ப்பதற்கும் தனிக் கடிதம், தனிக் காத்திருப்பு. ஆணை கைக்கு வந்த பிறகும் சரக அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, வனத்துறை வாட்சரோடுதான் உள்ளே போக வேண்டும். இதில் சலித்துக்கொள்ளாதீர்கள். எந்த வளைவில் காட்டெருமை மேயும், எந்தப் புதரில் கரடி படுத்திருக்கும் என்பது வாட்சர் அண்ணனுக்குத்தான் தெரியும்.

அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தையும் மழையையும் சேர்த்தே யோசியுங்கள். நீலகிரி மழை என்று ஒரே மழை கிடையாது. அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது. இரண்டு ஓடைகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டும் ஒரே மழையின் கீழ் இருக்க வேண்டும். நான் முதலில் தேர்ந்தெடுத்த ஜோடி நேர்கோட்டில் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கைடு கேட்டபோதுதான் உறைத்தது, நான் அளக்கப் போவது மரத்தின் வித்தியாசத்தையா மேகத்தின் வித்தியாசத்தையா என்று. கோடை மெலிவு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதைப் பிடிக்க வேண்டுமானால் டிசம்பருக்குள் கருவி தண்ணீரில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர்வது ஜூலை ஆகஸ்டில். கணக்குப் போட்டுப் பாருங்கள், சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பம் போனால்கூட அந்தக் கோடை கிடைக்காது. அந்த வருடத்தைப் பாடங்களுக்கும் கேள்வித்தாளுக்கும் ஒதுக்கிவிடுவதுதான் புத்தி.

இடத்தேர்வைப் பற்றி இன்னொன்று. ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954லிருந்து இருக்கிறது. அவர்கள் கிளென்பர்னில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, முதலில் சில வருடம் எதையும் நடாமல் இரண்டையும் அளந்தார்கள். 1972ல் ஒன்றில் மட்டும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் அந்த ஓடையின் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. அந்த எண்ணை இன்றைக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டுவதற்குக் காரணமே நடுவதற்கு முந்தைய அந்தச் சில வருடங்கள்தான். மூன்று வருடத்தில் பட்டம் முடிக்க நினைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் "மரத்தால் குறைந்தது" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. "இந்த இரண்டு ஓடைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தது" என்று மட்டும் எழுதலாம். ஆய்வுத் தலைப்பை அதற்கேற்ப முதலிலேயே அடக்கமாக வைத்துக்கொண்டால் கடைசியில் திருத்த வேண்டியிருக்காது.

அடுத்து அளக்கும் வேலை. சிற்றோடைக்கு 90 பாகை வி வடிவ வெட்டு போட்ட தகட்டுத் தடுப்பு போதும். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதை மீட்டரில் எடுத்து, 2.5 அடுக்குக்கு உயர்த்தி, 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 4.4 லிட்டர், ஐந்துக்கு 0.77, ஆறுக்கு 1.2. கடைசி இரண்டையும் திரும்பப் பாருங்கள். கோடையில் ஓடை அந்த அளவில்தான் இருக்கும், அங்கே ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் விடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். அளவுகோலை வெட்டின் பக்கத்திலேயே அறையக் கூடாது, அங்கே தண்ணீர் சரிந்துவிடும். எதிர்பார்க்கும் அதிகபட்ச நீர் உயரத்தைப் போல நாலு மடங்கு தூரம் மேலே தள்ளி வையுங்கள், பூஜ்யம் வெட்டின் அடிமுனை மட்டத்தில் இருக்க வேண்டும். மலை ஓடையில் தடுப்பு கெடுவது பெரும்பாலும் அடியில்தான். மேலே கரும்மண், கீழே சரளை. தண்ணீர் தகட்டுக்குக் கீழே வழி கண்டுபிடித்து ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும், வெட்டில் பார்த்தால் ஓடை வற்றியது போலவே இருக்கும். ஓர் அடியாவது தோண்டித் தகட்டை இறக்கி, மேல்பக்கம் தார்ப்பாயை விரித்து, களிமண் மூட்டையை அதன்மேல் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை தடுப்புக்குச் சற்றுக் கீழே, ஓடைத் தண்ணீர் முழுவதும் விழும் இடத்தில் பத்து லிட்டர் வாளியை வைத்து நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பதின்மூன்று விநாடியில் நிறைய வேண்டும். அதற்கு வெகு முன்பே நிறைந்தால், வெட்டில் வராத தண்ணீர் அடியில் ஒழுகுகிறது. என் முதல் தடுப்பு மூன்றே வாரத்தில் ஒழுக ஆரம்பித்தது. ஜூன் வெள்ளம் தகட்டையே கொண்டுபோனது.

பெரிய இழப்பு லாகரில்தான். நீர்மட்டத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பதியும் அழுத்தக் கருவி அது. ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் கொடுத்து ஒன்று வாங்கினேன். காற்றழுத்தத்துக்கென்று தனியாக இன்னொன்று வேண்டும் என்று விற்றவர் சொன்னார். வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். காற்றுக்குழாய் இல்லாத லாகர் தனக்கு மேலே உள்ள தண்ணீரை மட்டும் அளப்பதில்லை, அதன்மேல் நிற்கும் காற்றையும் சேர்த்தே அளக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். போனில் வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தைக் கழித்தால் போதும் என்று முதலில் முயன்றேன். அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண், ஆயிரத்துச் சொச்சம். ஊட்டி உயரத்தில் உண்மையான அழுத்தம் 775, 780 அளவில்தான் இருக்கும். கழித்தால் ஓடை தரைக்கு இரண்டே கால் மீட்டர் கீழே ஓடுவதாக வந்தது. சரி, கையால் அளந்த உயரத்தை வைத்து ஒரு நிலையான எண்ணைக் கழிப்போம் என்று செய்தேன். கோடு அழகாக வந்தது. தினமும் காலை பத்து மணிக்கு உச்சம், மாலை நாலு மணிக்கு இறக்கம். சீகை மரம் பகலில் தண்ணீரை உறிஞ்சுவதைக் கண்ணால் பார்க்கிறேன் என்றே நினைத்தேன். துறைக் கருத்தரங்கில் அந்தப் படத்தைப் போட்டுக் கைதட்டலும் வாங்கினேன். ஜூலையில் ஒரு வாரம் முழுக்க மூடுபனியும் தூறலும். இலை நனைந்து கிடக்கும்போது மரம் தண்ணீர் இழுப்பது மிகக் குறைவு. கோட்டில் அலை மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் இரவையும் கவனித்தேன். இரவு பத்துக்கு இன்னோர் உச்சம், விடிகாலை நாலுக்கு இன்னோர் இறக்கம். மரம் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கோட்டைக் கீழே இழுக்கும். இரண்டுமுறை ஏறி இறங்குவது காற்று. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இப்படி இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் ஊசலாடும் என்பது வானிலையியல் பாடத்தில் இருக்கிறது, நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆறு சென்டிமீட்டர் ஓடையில் மூன்று சென்டிமீட்டர் காற்று. பத்து மாதத் தரவை அன்றைக்கு மூடி வைத்தேன். அன்று சாயந்திரம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆகவே லாகர் வாங்கக் காசு இருந்தால் இரண்டாக வாங்குங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். காற்றழுத்தக் கருவி ஒன்றே அதே பள்ளத்தாக்கில் உள்ள பல ஓடைகளுக்குப் போதும், உயரம் மட்டும் ரொம்ப மாறக் கூடாது. வெயில்படும் தகரக் கொட்டகையில் தொங்கவிடாதீர்கள், சூட்டில் பிசகும். காசே இல்லையென்றால் ஊரில் ஒருவருக்கு மாதச் சம்பளம் பேசி, காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வாரம் ஒரு வாளிக் கணக்கு நீங்கள் எடுங்கள். ஆய்வேட்டுக்கு அது போதும். என் லாகரை விட அந்த நோட்டு நம்பகமானது.

மழைக்கு எஸ்டேட் பதிவேடுகள் பொக்கிஷம். பல தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தினசரி எழுதி வைத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் துறைத் தலைவர் கடிதத்தோடு போனால் போட்டோ எடுக்க விடுவார்கள். பழைய பக்கங்களில் அங்குலமும் சென்ட்டும் இருக்கும். ஒரு சென்ட் என்பது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். இன்னொரு கண்ணி தேதியில் இருக்கிறது. காலையில் பார்த்து எழுதும் மழை முந்தைய இருபத்துநாலு மணி நேரத்தது, பெரும்பாலும் நேற்றையது. உங்கள் கருவி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எண்ணும். இதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் மழைக்கு முந்தின நாளே ஓடை பெருகியதாக வரும். எனக்கு வந்தது. தானியங்கி மழைமானி வைத்தால் சீகை மரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். அதன் பொடி இலை புனலை அடைத்துவிடும், கொட்டும் மழையில் பூஜ்யம் காட்டும்.

பிளாஸ்டிக் தடை இருக்கும் மாவட்டம் என்பதால் சோதனைச் சாவடியில் காலி மாதிரிப் பாட்டில்களைப் பார்த்துக் கேட்பார்கள். எத்தனை பாட்டில், எதற்கு, திரும்ப எடுத்துப் போவேன் என்று துறை முத்திரையோடு ஒரு கடிதம் வைத்திருங்கள். வெளி மாவட்ட வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும். நைட்ரேட் பார்க்க வேண்டிய தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள். சனி, ஞாயிறு ஆய்வகம் பூட்டியிருக்கும். நாற்பது பாட்டில் அப்படித்தான் வீணாயின.

சமூகப் பகுதி எளிது என்று நினைத்தேன். ஓடையை விட அதில்தான் அதிகம் திணறினேன். முதலில் நெறிமுறைக் குழு. மனிதர்களிடம் எதைக் கேட்டாலும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். இரத்தம் எடுத்தால்தான் வேண்டும், தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்கு எதற்கு என்று சீனியர் ஒருவர் சொன்னதை நம்பினேன். தொண்ணூற்றிரண்டு வீடு முடித்தபிறகு ஆய்விதழில் ஒப்புதல் எண் கேட்டார்கள். குழு முன்தேதியிட்டு ஒப்புதல் தராது, தரவும் கூடாது. உதவியாளர் இரண்டு பேருக்குத் தலா 800 ரூபாய் வீதம் பத்தொன்பது நாள், 30,400 ரூபாய். அந்தக் கேள்வித்தாள்கள் இப்போது என் அலமாரியில் கிடக்கின்றன. குழு அடிக்கடி கூடாது, அடுத்த கூட்டம் எப்போது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில், ஒரு பக்கத்துக்குள், வாய்விட்டுப் படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள். படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) வயதானவர்களுக்கு அவர்கள் மொழியான படுகு பேசும் ஆள் ஒருவர் கூட இருந்தால் பதில் மூன்று மடங்கு நீளும்.

நேரமும் முக்கியம். காலையில் கொழுந்து பறிக்கப் போனவர்கள் திரும்ப நாலரை, ஐந்தாகும். அதன்பிறகு அடுப்பு. ஞாயிறு காலைதான் உட்கார்ந்து பேசுவார்கள். படகர்களின் ஹெத்தை பண்டிகை நாட்களில் கேள்வித்தாளைக் கையிலேயே எடுக்காதீர்கள். வருமானக் கேள்வியை முதலில் கேட்டால் ரேஷன் கார்டுக்கா, அரசுத் திட்டத்துக்கா என்று சந்தேகம் வந்து மற்ற பதில்களும் வளைந்துவிடும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. "இன்னைக்குக் காலையில எத்தனை குடம், யாரு போனா, எத்தனை நடை" என்று கேளுங்கள். குடத்தை ஒரு லிட்டர் மக்கால் அளந்து பாருங்கள். எல்லாக் குடமும் பதினைந்து லிட்டர் என்று எடுத்துக்கொண்டது இன்னொரு தப்பு. அடுத்தடுத்த இரண்டு வீட்டில் ஒன்று பதினொன்று, மற்றது பதினாறு.

ஒரு பாட்டி கேட்டார்: "போன வருசம் ஒரு தம்பி வந்து எழுதிட்டுப் போனாரு. அதுக்கு முன்ன ரெண்டு பொண்ணுங்க. என்ன எழுதுனீங்கன்னு யாரும் திரும்பி வந்து சொல்லல கண்ணு." நியாயமான கேள்வி. இந்த மலை அளவுக்குக் கேள்வி கேட்கப்பட்ட இடம் குறைவு. மானுடவியலாளர் ரிவர்ஸ் 1901, 1902ல் தோடர்களிடம் வந்து உட்கார்ந்தார், 1906ல் புத்தகம் வந்தது. 1930களில் மொழியியலாளர் எமனோ தோடர், கோத்தர் மொழிகளை எழுதிப்போனார். இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதலில் 1952ல் பதிவானதும் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தில்தான். ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரையில் தாத்தாவின் நாளிலிருந்து வந்துபோகிற விஞ்ஞானிகளைப் பார்த்துச் சலித்த மக்கள் இவர்கள். உங்கள் கேள்வித்தாள் அவர்களுக்குப் புதிதல்ல.

முத்தொரை என்றதும் நினைவு வருகிறது, தனியாகத் திண்டாடாமல் அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு சுற்றுவட்டாரத்திலேயே 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அந்தச் சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 பாகை இருந்ததால்தான் 1970ல் அங்கே கட்டினார்கள். உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் பழங்குடி ஆய்வு மையமும் அங்கேதான். வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சிக்காரர்கள், துரு நோய்ப் பூஞ்சை இந்தக் குளிரில் வருடம் முழுக்கப் பிழைத்திருப்பதால் எந்த ரகம் தாங்கும் என்று பார்க்க வந்தவர்கள். என் துறைக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று முதல் வருடம் எட்டிப்பார்க்கவில்லை. மலையில் கருவி வைத்துப் பராமரிப்பவருக்கு ஈரம், மின்னல், உறைபனி மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று தெரியும், அவர் நட்சத்திரத்தைப் பார்த்தால் என்ன, கிழங்கைப் பார்த்தால் என்ன. லாகர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு மாதம் ஒருமுறை மாற்றச் சொன்னவர் விவசாயத்துறைக்காரர்தான்.

இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். ஜூன் மாதம், பாட்டி கேட்டதற்காகவே, இரண்டு ஓடைகளின் கோட்டையும் ஒரு பெரிய தாளில் தமிழில் அச்சடித்து ஊர்ச் சாவடியில் ஒட்டினேன். கோடை முழுக்கச் சீகை ஓடை கீழே இருந்தது. மார்ச் இரண்டாவது வாரத்தில் திடீரென்று பாதாளத்துக்கு இறங்கி, பன்னிரண்டு நாள் கழித்து அதேபோலத் திடீரென்று ஏறியது. அந்த இடத்தில் "மரங்களின் நீர்த்தேவை உச்சம்" என்று எழுதியிருந்தேன். பாட்டி தாளுக்கு அருகே வந்து, அந்தப் பள்ளத்தின்மேல் விரலை வைத்து, தேதியைப் படிக்கச் சொன்னார். பிறகு பின்னால் நின்ற பேரனைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம கேரட்டுக்கு மேல ஓஸ் போட்டு இழுத்தது அப்பதானடா?" அவன் ஆமாம் என்றான். ஒன்றரை இஞ்ச் ஓஸ், இரவும் பகலும். அந்த வாசகத்தை அங்கேயே பேனாவால் அடித்தேன்.